கேட்டால் கிடைக்க வேண்டும்: சின்ன வாசிகசாலைக்கு டிஜிட்டல் பட்டியல் போடுவது எப்படி

போன வருடம் மாரி தொடங்குகிற நேரம், பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று திருகோணமலையில் இருக்கிற எங்கள் வாசிகசாலைக்கு வந்து, "அண்ணா, கன்னியா வெந்நீரூற்றைப் பற்றி ஏதாவது இருக்கா, ஒப்படைக்கு வேணும்" என்று கேட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதற்கு முந்தின மாதம்தான் 1,640 புத்தகங்களையும் கணினியில் ஏற்றி முடித்திருந்தோம். இனி அலுமாரி அலுமாரியாகத் தேடத் தேவையில்லை என்று உப்புவெளியில் இருந்து மட்டிக்களி வரை சொல்லித் திரிந்த ஆள் நான். "கன்னியா" என்று அடித்தேன். ஒன்றும் வரவில்லை. "வெந்நீர்" என்று அடித்தேன். அதற்கும் ஒன்றும் இல்லை. மூலையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தலையை நிமிர்த்தாமலே, "தம்பி, ரெண்டாவது அலுமாரி, மேல்தட்டு, கோணேசர் கோயிலைப் பற்றின மஞ்சள் அட்டைப் புத்தகம், கடைசி அத்தியாயம்" என்றார். போய்ப் பார்த்தேன், இருந்தது. பக்கத்திலேயே இன்னும் இரண்டு புத்தகங்களிலும் இருந்தது.

நாங்கள் ஒரு மாதம் குந்தியிருந்து செய்தது வெறும் இருப்புக் கணக்கு. எங்களிடம் என்ன இருக்கிறது என்று அது எங்களுக்குச் சொல்லும், வந்து கேட்கிறவருக்கு வாய் திறக்காது. அதற்குப் பிறகு எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி கட்டினோம். இதே வேலையில் இறங்கப் போகிற வாசிகசாலை, சனசமூக நிலையம், பாடசாலை நூலகக்காரர்களுக்காக, நாங்கள் இடறி விழுந்த இடங்களையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கடை வைத்திருப்பவர்களுக்கும் பாதி பொருந்தும்.

முதல் இரண்டு கிழமை கணினியைத் தொட வேண்டாம்

ஒரு கொப்பியை மேசையில் வையுங்கள். வருகிறவர் என்ன கேட்கிறாரோ அதை அவர் வாயில் வந்தபடியே எழுதுங்கள், திருத்தாமல். எங்கள் கொப்பியில் விழுந்தவை இந்த மாதிரி: "ஓஎல் கணக்கு பாஸ்பேப்பர்", "சின்னப்பிள்ளைக்குப் படம் போட்ட கதை", "எங்கட ஊர் ஆக்கள் எழுதின நாவல்", "மூதூர்ப் பக்கத்து வரலாறு", "நபிமார் சரித்திரம்", "அம்மாவுக்குப் பெரிய எழுத்துத் தேவாரம்", "சிங்களம் தமிழால படிக்கிற புத்தகம்", "போனமுறை நான் கொண்டு போன அந்த நீல அட்டை". இரண்டு கிழமையில் எண்பதுக்குக் கிட்டக் கேள்விகள் சேர்ந்தன. அதில் ஒருவர்கூடப் பதிப்பகத்தின் பெயரைக் கேட்கவில்லை, பக்க எண்ணிக்கையைக் கேட்கவில்லை, விலையைக் கேட்கவில்லை. ஆனால் எங்கள் முதல் பட்டியலில் பதிப்பகம், பதிப்பக முகவரி, பக்கம், விலை, வாங்கிய திகதி எல்லாவற்றுக்கும் தனித்தனி நிரல் (மேலிருந்து கீழே போகிற பத்தி) இருந்தது. காரணம் எளிது: பழைய பெரிய பதிவேட்டில் கோடு போட்டிருந்தபடியே கணினியிலும் கோடு போட்டோம். பதிவேடு கணக்காய்வுக்கு வருகிறவருக்குப் பதில் சொல்லச் செய்தது. வாசகருக்குச் செய்தது அல்ல.

கடைக்காரர்களும் இதே தவறைத்தான் வேறு விதமாகச் செய்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் வாட்ஸ்அப்பில் அறுபது சாறிகளுக்கு அழகான கட்டலொக் போட்டார், படம் ஒவ்வொன்றும் கல்யாண அல்பம் மாதிரி. எல்லாவற்றுக்கும் கீழே "விலைக்கு இன்பொக்ஸ் வரவும்". வாடிக்கையாளர் கேட்கிற முதல் கேள்வியை மறைத்து வைத்துவிட்டு மற்றதை எல்லாம் காட்டுகிற பட்டியல் அது.

எத்தனை நிரல்

நூலகத் துறையில் டப்ளின் கோர் என்று ஒன்று உண்டு. 1995இல் டப்ளின் நகரில் கூடி வகுத்தார்கள். அயர்லாந்து டப்ளின் இல்லை, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் அதே பெயரில் இருக்கிற ஊர். எந்தப் பொருளையும் விவரிக்கத் தலைப்பு, ஆக்கியவர், பொருள், திகதி, மொழி என்று 15 கூறுகள் போதும் என்பது அதன் கணக்கு. உலகத்துக்கே 15 போதும் என்றால் உங்கள் இரண்டு அறை வாசிகசாலைக்கு 27 நிரல் எதற்கு? எங்கள் முதல் பட்டியலில் 27 இருந்தது, அதனால்தான் கேட்கிறேன்.

இப்போது 11 வைத்திருக்கிறோம்: இலக்கம், தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, மொழி, வகை, யாருக்கு, எந்த ஊரைப் பற்றியது, உள்ளே என்ன, வேறு பெயர்கள், இருக்கும் இடம். விலையும் பதிப்பகமும் பழைய பதிவேட்டிலேயே இருக்கட்டும், இலக்கத்தைக் கொண்டு எப்போதும் போய்ப் பார்க்கலாம். எக்செல், கூகிள் ஷீட்ஸ், லிப்ரே ஆபிஸ் எது கையில் இருந்தாலும் இந்த வேலைக்குக் காணும்.

இரண்டு விதிகளை மட்டும் தொடக்கத்திலேயே இறுக்கிப் பிடியுங்கள். ஒரு கலத்தில் ஒரு சங்கதிதான். ஆசிரியரையும் ஆண்டையும் கொமா போட்டு ஒரே கலத்தில் எழுதினால் பிறகு ஆண்டைக் கொண்டு வடிகட்ட முடியாது. மற்றது, ஒரு பிரதிக்கு ஒரு நிரை (குறுக்கே போகிற வரி). ஒரே நாவலின் மூன்று பிரதிகள் இருந்தால் ஒரே நிரையில் "3" என்று எழுதத்தான் கை போகும். ஆனால் அதில் ஒன்று கிண்ணியாவுக்குப் போய்த் திரும்பி வராதபோது, தொலைந்தது எந்தப் பிரதி, கையில் மிஞ்சியிருப்பது பழைய பதிப்பா புதிய பதிப்பா என்று சொல்ல வழியிருக்காது. மூன்று நிரை, மூன்று இலக்கம், தலைப்பு மட்டும் ஒன்று.

"உள்ளே என்ன" நிரலில்தான் எங்கள் பட்டியலின் உயிர் இருக்கிறது, அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். புத்தகத்தின் உள்ளடக்கப் பக்கத்தைத் திறந்து, அதில் இருக்கிற ஊர், ஆள், கோயில், பள்ளிவாசல், நிகழ்வு, பொருள் ஆகியவற்றின் பெயர்களைப் பத்துப் பதினைந்து சொல்லில் எழுதுங்கள். வசனம் தேவையில்லை, சொற்கள் போதும். ஒரு புத்தகத்துக்கு நாலைந்து நிமிடம் போகும். 1,640 புத்தகத்துக்கும் செய்யப் போனால் யாரும் முடிக்க மாட்டார்கள், நாங்களும் முடிக்கவில்லை. நாவலுக்கு இது தேவையே இல்லை. கட்டுரைத் தொகுப்பு, ஊர் வரலாறு, முக்கியமாக மலர்கள், இவற்றுக்கு மட்டும் செய்தோம்.

மலர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து ஊர்களின் வரலாறு பாதிக்கு மேல் கும்பாபிஷேக மலர்களிலும் பாடசாலை நூற்றாண்டு மலர்களிலும் சங்கங்களின் வெள்ளிவிழா மலர்களிலும்தான் கிடக்கிறது. தம்பலகாமத்தைப் பற்றியோ வெருகலைப் பற்றியோ யாரோ ஒரு தலைமையாசிரியர் முப்பது வருடத்துக்கு முதல் எழுதிய ஆறு பக்கக் கட்டுரை வேறெங்கும் கிடைக்காது. ஆனால் அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது "நூற்றாண்டு மலர்" மட்டும்தான். எங்கள் பட்டியலில் "நூற்றாண்டு மலர்" என்ற தலைப்பில் ஐந்து நிரைகள், "கும்பாபிஷேக மலர்" என்று ஒன்பது. எது எந்தக் கோயில் என்று தட்டில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். இப்போது எங்கள் விதி: மலர் என்றால் தலைப்பில் முதலில் நிறுவனம், அடுத்தது ஊர், பிறகு மலரின் பெயர், கடைசியில் ஆண்டு. அட்டையில் அப்படி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கூடவே அதில் இருக்கிற உருப்படியான கட்டுரைகளின் பெயர்கள் "உள்ளே என்ன" நிரலுக்குள் போகும். வாழ்த்துரைகளை விட்டுவிடுங்கள், எல்லா மலரிலும் வாழ்த்துரை ஒன்றுதான்.

ஆண்டு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பழைய புத்தகங்கள் சிலவற்றில் விபவ, ஆங்கிரச என்று தமிழ் வருடப் பெயர் மட்டும் இருக்கும். அந்தப் பெயர்கள் 60 வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வருவன, ஆகவே தாளையும் அச்சையும் பார்த்து எந்தச் சுற்று என்று முடிவெடுங்கள். நிச்சயம் இல்லாவிட்டால் ஆண்டுக் கலத்தை வெறுமையாக விட்டுவிட்டு வருடப் பெயரை "உள்ளே என்ன" நிரலில் போடுங்கள். முதல் பக்கம் கிழிந்துபோன புத்தகங்களுக்கு நூலகம் இணையத்தளத்தில் ஒருமுறை தேடிப் பாருங்கள். 2005இல் தொடங்கிய இந்த எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களின் ஆசிரியர், வெளியீட்டாளர், ஆண்டு, பக்கம் எல்லாம் ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பக்கமாக இருக்கும். எங்களுக்குத் தலை போன சில புத்தகங்களுக்குப் பெயர் கிடைத்தது அங்கேதான். ஒரு பதிவை எப்படிக் கட்ட வேண்டும் என்பதற்கும் அது நல்ல மாதிரி.

ஒருவர் ஒரே ஆளாக இருக்கட்டும்

திருகோணமலைக்காரர் ஒருவரையே உதாரணத்துக்கு எடுப்போம். 1895இல் வெளிவந்த மோகனாங்கி நாவலை எழுதியவர் தி. த. சரவணமுத்துப்பிள்ளை. இவரை ஒருவர் "தி.த.சரவணமுத்துப்பிள்ளை" என்று இடைவெளி இல்லாமல் அடிப்பார், இன்னொருவர் "சரவணமுத்துப் பிள்ளை" என்று பிரித்து அடிப்பார், மூன்றாமவர் முதலெழுத்தே போட மாட்டார். கணினிக்கு இவர்கள் மூன்று பேர். அதோடு இவருடைய தமையன் கனகசுந்தரம்பிள்ளையும் அறிஞர்தான், அவருக்கும் முன்னால் அதே தி. த. தான். முதலெழுத்தில் வரிசைப்படுத்தினால் தம்பியும் தமையனும் தி-க்குள் போய் ஒளிந்துகொள்வார்கள், கூடவே தி என்று தொடங்குகிற மற்ற எல்லோரும். அதனால் பெயரை முதலில் எழுதி, கொமா போட்டு, பிறகு முதலெழுத்தை எழுதுங்கள்: "சரவணமுத்துப்பிள்ளை, தி. த." கேட்கிறவரும் பெயரைத்தான் சொல்லிக் கேட்பார்.

முஸ்லிம் எழுத்தாளர்களின் பெயர்களில் இது இன்னும் கூடும். முகம்மது, முகம்மத், முஹம்மத், மொஹமட் என்று நான்கு விதமாகவும் அட்டைகளில் உண்டு, சில நேரம் ஒரே ஆசிரியரின் இரண்டு புத்தகங்களில் இரண்டு விதம். எது சரியான எழுத்து என்று நாங்கள் தீர்ப்புச் சொல்லப் போகவில்லை. அவர் தன் புத்தகங்களில் அதிகம் போட்டிருக்கிற வடிவத்தை ஆசிரியர் நிரலில் எழுதிவிட்டு மற்றவற்றை "வேறு பெயர்கள்" நிரலில் போட்டோம். புனைபெயருக்கும் இதே வழிதான்: அட்டையில் இருக்கும் பெயர் ஆசிரியர் நிரலில், சொந்தப் பெயர் பக்கத்து நிரலில்.

ஊர்ப் பெயருக்கு வந்தால் எங்கள் ஊரைவிடச் சிறந்த உதாரணம் கிடைக்காது. திருகோணமலை, திருக்கோணமலை, திருமலை, தேவாரத்தில் கோணமாமலை, கொழும்பு பஸ்காரர் வாயில் ட்ரிங்கோ. கோணேஸ்வரம், திருக்கோணேஸ்வரம், கோணேசர் கோயில். புறாமலை, புறாத்தீவு. இவற்றில் ஒன்றை மட்டும் எழுதினால் மற்றதைத் தேடுகிறவர் வெறுங்கையோடு போவார். ஊர் நிரலில் எப்போதும் ஒரே வடிவம், நாங்கள் வைத்திருப்பது "திருகோணமலை"; மற்ற வடிவங்களை ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொண்டு "வேறு பெயர்கள்" நிரலில் அப்படியே ஒட்டிவிடுங்கள்.

எண் போடுவதா, சொல் போடுவதா

உங்களிடம் ஏற்கெனவே டூயி எண் (நூலகங்களில் புத்தகங்களைப் பொருள்வாரியாக அடுக்கப் போடுகிற எண்) போட்டிருந்தால் அழிக்க வேண்டாம், புத்தகத்தைத் தட்டில் நிறுத்த அது நல்லது. ஆனால் திரையில் வாசகருக்கு 894.8113 என்று காட்டாதீர்கள், "நாவல்" என்று காட்டுங்கள். டூயி 1876இல் அமெரிக்காவில் வந்த முறை, அந்தக் காலத்து அமெரிக்க அலுமாரியின் வடிவம் அதில் இன்னும் இருக்கிறது. 200களில் மதம், அதில் 220 தொடக்கம் 280கள் முழுக்கக் கிறிஸ்தவம், இந்து சமயம் முழுவதும் 294.5க்குள், இஸ்லாம் 297க்குள். கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் விகாரையும் ஒரு மணிநேரத்துக்குள் நடந்து பார்க்கக்கூடிய ஊரில், எங்களுக்கு 294.5 மட்டும் ஒரு முழு அலுமாரி. தமிழ் இலக்கியம் முழுவதும் 894.811. இரண்டு எண்ணுக்குள் வாசிகசாலையில் முக்கால்வாசி அடங்கிவிட்டால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு வாசகர் எதைத் தேடுவது?

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து ஆள் ஒருவரை நினைக்க வேண்டும், நூலகவியல் அறிஞர் ரங்கநாதன். 1892இல் சீர்காழியில் பிறந்தவர், கணித விரிவுரையாளராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். கோணமாமலையைப் பாடிய சம்பந்தரும் சீர்காழிதான், அவர் பெயரில் எங்கள் ஊரில் வீதியே இருக்கிறது. நூலகத்துக்காரரான எனக்கு இரண்டாவது சீர்காழிக்காரருக்கும் ஒரு ஒழுங்கையாவது வைத்திருக்கலாம் என்று தோன்றும். 1933இல் அவர் கொண்டுவந்த கோலன் வகைப்பாட்டின் அடிப்படை, ஒரு நூலை ஒரே பெட்டிக்குள் தள்ளாமல் அதைப் பல முகங்களாகப் பிரித்துப் பார்ப்பது: எதைப் பற்றியது, எந்த இடம், எந்தக் காலம். தட்டில் ஒரு புத்தகம் ஒரு இடத்தில்தான் நிற்க முடியும். திரையில் அந்தக் கட்டாயம் இல்லை. கன்னியாக் கிணறுகளைப் பற்றிய கட்டுரை ஊரைக் கொண்டு தேடுகிறவருக்கும் கிடைக்கலாம், சமயத்தைக் கொண்டு தேடுகிறவருக்கும் கிடைக்கலாம், நிலத்தடி வெந்நீர் எப்படி வருகிறது என்று விஞ்ஞானத்தைக் கொண்டு தேடுகிற உயர்தர மாணவருக்கும் கிடைக்கலாம். வகை, யாருக்கு, ஊர், மொழி என்று நான்கு நிரல்களைத் தனித்தனியாக வைத்திருக்கிறோமே, அந்த நான்கிலும் பில்டர் போட்டால் அதுதான் ரங்கநாதனின் முகங்கள். "தமிழ், சிறுவர், கதை" என்று மூன்றைத் தட்டினால் 1,640 சுருங்கி அறுபதாகிவிடும்.

வகைக்கு எத்தனை சொல்? எங்களிடம் 14. தொடக்கத்தில் 40 வைத்தோம், "சமூக நாவல்", "வரலாற்று நாவல்", "குறுநாவல்" என்று. அடிக்கிறவர்களுக்குள் தினமும் சண்டை. 14 சொற்களையும் கீழே விரிகிற பட்டியலாகப் பூட்டி வைத்துவிட்டால் யாரும் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க முடியாது. "மற்றவை" என்று ஒரு வகை வைத்தே ஆக வேண்டும். அதற்குள் ஐம்பதுக்கு மேல் சேர்ந்தால் புது வகை ஒன்றுக்கு நேரம் வந்துவிட்டது.

தமிழ் எழுத்து செய்கிற சேட்டை

தேடினால் வராமல் போவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

உங்களிடம் பழைய பட்டியல் ஒன்று பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துக் கிடக்கிறது என்றால் அதைப் போனில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும், ஏனென்றால் பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளிச் சாவி. மறுபடி அடிக்கத் தொடங்காதீர்கள். பாமினியை, எல்லாக் கருவியிலும் ஒரே மாதிரித் தெரிகிற யுனிகோடுக்கு மாற்றித் தருகிற இலவச மாற்றிகள் இணையத்தில் உண்டு. மாற்றிய பிறகு ஒவ்வொரு பக்கத்தையும் ஒருமுறை கண்ணால் ஓட்டுங்கள்.

அடுத்தது ஔகாரம். "கௌரி" என்றும் "கெளரி" என்றும் நான் இங்கே இரண்டு தரம் அடித்திருக்கிறேன். பல போன்களில் இரண்டும் ஒன்றாகவே தெரியும், ஆனால் இரண்டாவதில் இருப்பது ஒற்றைக்கொம்பும் ளகரமும். முதலாவதைத் தேடினால் இரண்டாவது வராது. பௌத்தம், மௌலவி, பௌர்ணமி, ஔவையார், எல்லாவற்றிலும் இந்தக் கண்ணி இருக்கிறது. பட்டியல் முடிந்ததும் "பெள", "மெள", "கெள", "ஒள" என்று தேடி மாற்றுங்கள், ஆனால் எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் மாற்றாமல் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள், "ஒளி" என்ற சொல்லும் "ஒள"வில்தான் தொடங்குகிறது. எங்கள் பட்டியலில் ஒரு நாள் முழுவதும் "ஔியிலே தெரிவது" மாதிரி விசித்திரங்கள் கிடந்தன. ஸ்ரீயும் அப்படித்தான்: பார்வைக்கு ஒன்று, உள்ளே சகரத்தில் இரண்டு விதம். ஒரு கலத்தில் சரியாக அடித்துவிட்டு மற்ற இடமெல்லாம் அதையே படியெடுத்து ஒட்டுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத எதிரி, சொல்லுக்குப் பின்னால் விழுந்த ஒரு வெற்றிடம். "நாவல்" ஒன்று, கடைசியில் இடைவெளி விட்ட "நாவல் " இன்னொன்று. பில்டரில் இரண்டு நாவல் தெரிந்தால் சங்கதி இதுதான்.

அகரவரிசையும் எப்போதும் எங்கள் அகரவரிசையாக இருக்காது. சில செயலிகள் யுனிகோடில் எழுத்துகள் அடுக்கியிருக்கிற எண் வரிசையை அப்படியே பின்பற்றும். அந்த வரிசையில் நகரத்துக்கு அடுத்து னகரம், ரகரத்துக்கு அடுத்து றகரம், லகரத்துக்குப் பிறகு ள, ழ, அதற்குப் பிறகுதான் வ. நாம் அகராதியில் வாழ்வு, வாள், வானம் என்று பார்க்கப் பழகியவர்கள். அங்கே வானம் முதலில் வந்து நிற்கும். ஜகரம் சகரத்துக்குப் பின்னால் வந்துவிடும். இதைச் சரிசெய்ய நான் மெனக்கெடவில்லை. தேடல் பெட்டி சரியாக வேலை செய்தால் அகரவரிசையை ஓட்டிப் பார்க்கிறவர் மிகக் குறைவு. அச்சடித்து மேசையில் வைக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் கவனியுங்கள்.

எண்கள் விஷயத்தில் ஒரு மானக்கேடு நடந்தது. மூன்றாவது அலுமாரியின் இரண்டாவது தட்டுக்கு நான் "3-2" என்று எழுதினேன். மறுநாள் பார்த்தால் எல்லாம் திகதியாக மாறி மார்ச் மாதத்திலும் பெப்ரவரியிலும் புத்தகங்கள் நின்றன. கலத்தை முதலே எழுத்து வடிவத்துக்கு மாற்றாமல் விட்டது என் பிழை. இப்போது "அ3த2" என்று எழுதுகிறோம். புத்தகத்தின் பின்னட்டையில் இருக்கிற ஐஎஸ்பிஎன் எண்ணைச் சேர்க்கிறீர்கள் என்றாலும் அந்த நிரலையும் எழுத்தாக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் 13 இலக்கமும் நசுங்கி 9.78 என்று நிற்கும், பழைய 10 இலக்க எண்களில் முன்னால் இருக்கிற பூச்சியம் காணாமல் போகும். 2007இல் இருந்துதான் 13 இலக்கம். இலங்கைப் புத்தகம் என்றால் 978க்குப் பிறகு 955 அல்லது 624 வரும், அதை வைத்தே உள்ளூர்ப் பதிப்பை அடையாளம் காணலாம்.

போனில் எப்படித் தெரிகிறது

எங்கள் வாசகர்களில் கணினியில் பட்டியலைப் பார்க்கிறவர் யாரும் இல்லை. எல்லோரும் போன்தான், அதுவும் பஸ்ஸில் இருந்துகொண்டு. அந்தச் சின்னத் திரையில் முதல் மூன்று நிரல் மட்டும்தான் தெரியும். ஆகவே தலைப்பு, ஆசிரியர், இருக்கும் இடம் என்ற மூன்றும் முன்னுக்கு வரட்டும். எங்கள் பழைய பட்டியலில் முதல் நிரல் தொடர் இலக்கம், இரண்டாவது பதிவேட்டு இலக்கம், மூன்றாவது திகதி. போனில் திறந்தவர் பார்த்தது வெறும் எண்கள். மேல் நிரையையும் தலைப்பு நிரலையும் உறைய வைத்துவிடுங்கள், ஓட்டும்போது நகராமல் நிற்கும்.

அட்டைப் படம் எடுக்க வசதி இருந்தால் எடுங்கள், "அந்த நீல அட்டை" என்று கேட்கிறவர்களுக்கு அதைவிட நல்ல வழி கிடையாது. காலையில் யன்னல் பக்கம் வைத்து, பிளாஷ் இல்லாமல். படத்தின் பெயர் புத்தக இலக்கமாகவே இருக்கட்டும், 0457 என்று நான்கு இலக்கத்தில், முன்னால் பூச்சியம் போட்டு. போடாவிட்டால் 10 வந்து 2க்கு முன்னால் நிற்கும்.

யார் எந்தப் புத்தகத்தைக் கொண்டுபோனார் என்ற கணக்கைப் பொதுப் பட்டியலில் ஒருபோதும் போடாதீர்கள். அது வேறு கோப்பு, பொறுப்பாளரிடம் மட்டும். ஒருவர் என்ன வாசிக்கிறார் என்பது அவர் சங்கதி, எங்கள் ஊரில் அதை வைத்துப் பிரச்சினைப்பட்ட காலமும் இருந்தது.

இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது "பார்க்க மட்டும்" என்று வைத்து அனுப்புங்கள். நான் முதல்தரம் எல்லோருக்கும் திருத்தும் அனுமதியோடு அனுப்பிவிட்டேன். யாரோ ஒரு நல்ல மனிதர் ஆசிரியர் நிரலை மட்டும் தெரிவு செய்து அகரவரிசைப்படுத்தினார். தலைப்புகள் நின்ற இடத்தில் நின்றன, ஆசிரியர்கள் எல்லோரும் இடம் மாறிப் போனார்கள். கம்பராமாயணத்தைச் சமையல் குறிப்பு எழுதின அம்மா ஒருவர் பாடியிருந்தார். பழைய பதிப்புக்குத் திரும்புகிற வசதி இருந்ததால் தப்பினோம். அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை கோப்பைப் படியெடுத்து ஒன்றைச் செயலாளர் வீட்டிலும் ஒன்றை மட்டக்களப்பில் இருக்கிற பழைய உறுப்பினர் ஒருவரிடமும் வைக்கிறோம். 1981இல் யாழ்ப்பாண நூலகத்துக்கு நடந்ததைத் தெரிந்தவருக்கும், 2004 டிசம்பர் 26 அன்று இந்தக் கரையில் கடல் ஏறியதைக் கண்டவருக்கும், எல்லாவற்றையும் ஒரே கட்டடத்தில் வைப்பதைப் பற்றி விளக்கம் சொல்லத் தேவையில்லை.

புத்தகம் ஐயாயிரத்தைத் தாண்டி, இரவலும் கூடினால் அட்டவணை தாங்காது. அப்போது கோஹா என்ற நூலக மென்பொருள் பக்கம் போங்கள். நியூசிலாந்தின் ஒரு நூலகத்தில், பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டைத் தாண்டாது என்ற பயத்தில் செய்தது, 2000 ஜனவரியில் ஓடத் தொடங்கி இன்றும் இலவசம். மாவோரி மொழியில் அந்தப் பெயருக்கு அன்பளிப்பு என்று பொருள். ஆனால் அதை நிறுவிப் பராமரிக்க ஒரு தெரிந்த ஆள் வேண்டும், அப்படி ஒருவர் இல்லாமல் இறங்காதீர்கள். நிரல்களை இப்போதே ஒழுங்காக வைத்திருந்தால் பிறகு மாற்றுவது சுலபம்.

எல்லாம் முடிந்ததும் அந்தக் கொப்பியை மறுபடி எடுங்கள். எண்பது கேள்விகளையும் பட்டியல் செய்யாத ஒருவரிடம் கொடுத்துப் போனில் தேடச் சொல்லுங்கள், பக்கத்தில் இருந்து வாய் திறக்காமல் பாருங்கள். எங்களுக்கு முதல் சுற்றில் 31க்குத்தான் பதில் கிடைத்தது. கிடைக்காத ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று பார்த்து, சொல்லைச் சேர்த்து, இரண்டாவது சுற்றில் 66. மிச்சத்தில் பாதிக்கு எங்களிடம் புத்தகமே இல்லை என்று தெரிந்ததும் ஒரு லாபம்தான், இந்த வருடம் என்ன வாங்குவது என்று கூட்டத்தில் யாரும் தர்க்கப்படவில்லை.

சொற்கள் எங்கிருந்து வரும் என்று கேட்டால், பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த அந்த ஆசிரியரிடம் இருந்துதான். சனிக்கிழமைகளில் பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்து ஒவ்வொரு தட்டாக முன்னால் கொண்டுபோய் வைக்கிறோம். அவர் புத்தகத்தைப் புரட்டாமலே, "இதுக்குள்ள வெருகல் திருவிழா இருக்கு, இதுக்குள்ள சீனன்குடா எண்ணெய்த் தாங்கி கட்டின கதை இருக்கு" என்று சொல்லச் சொல்ல ஒரு தங்கச்சி பக்கத்தில் இருந்து அடிக்கிறாள். பக்கத்தைத் திறந்து சரிபார்த்த பிறகுதான் ஏற்றுகிறோம், அவருக்கு அதில் கொஞ்சம் கோபம். உங்கள் வாசிகசாலையிலும் இப்படி ஒருவர் மூலையில் இருப்பார், வேலையை அவரிடம் இருந்து தொடங்குங்கள். எங்களுடையவர் ஏப்ரலில் மகளிடம் கனடா போகிறார். இன்னும் இரண்டு அலுமாரி பாக்கி.